நீலக் கதவில் நிறுத்து

என் மாமா என் அக்காவைக் கொல்லப்போகிறார் என்று ஒரு மழைக்காலம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். முதல் ஆதாரம் அவர் வீட்டு டிவி ரிமோட். வாங்கியபோது இருந்த பாலிதீன் உறையைப் பிரிக்காமலேயே வைத்திருந்தார். நிறுத்தும் பொத்தானுக்கு மேல் மட்டும் உறை தேய்ந்து ஓட்டை விழுந்து, ஓட்டையைச் சுற்றிச் சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற மனிதரின் கட்டைவிரல் வேறு எந்த நிறத்தில் இருக்கும் என்று ஆரணியில் பிறந்தவன் யோசித்திருக்க வேண்டும். எனக்கு அது ரத்தமாகத்தான் தெரிந்தது.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். அந்த டிவியைச் சுவரில் மாட்டிக் கொடுத்தது நான்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறேன். கூட்டமில்லாத மதியங்களில் பழைய பிரிட்டிஷ் துப்பறியும் தொடர்களைப் பார்ப்பது என் வியாதி. வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஒருவர், சொந்த ஊரில் கொலை போதாதென்று ஏதாவது தீவுக்கோ துறைமுகத்துக்கோ வந்து இறங்குவார். அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். உள்ளூர்க்காரர்களுக்கு அதில் இரண்டே வேலை: பின்னால் கூடை சுமந்து போவது, பொய் சாட்சி சொல்வது. இதையெல்லாம் கிண்டலடித்துக்கொண்டே மறுபடி மறுபடி பார்த்து, ரீசார்ஜ் செய்ய வருகிறவனைக்கூடச் சந்தேகமாகப் பார்க்கும் அளவுக்குத் தேறியிருந்தேன்.

அக்கா வீட்டில் ஒருநாள் அப்படி ஒன்றைப் போட்டேன். இத்தாலியில் ஒரு துறைமுக ஊர். கணவன் மனைவியின் கோப்பையில் விஷம் கலக்கிற கதை. மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "இது எந்த ஊருடா?" என்றார். "நம்ம பையன் இருக்கிற ஊருதான் மாமா" என்றேன். அக்காவின் ஒரே மகன் செய்யாறு கம்பெனி வேலையை விட்டுவிட்டு அங்கேதான் போயிருந்தான். மாமா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அமாவாசைதோறும் அது நடக்க ஆரம்பித்தது. அமாவாசை என்றால் தறிக்கு லீவு. மற்ற நாளெல்லாம் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் அக்கா, அன்றைக்கு மட்டும் படவேடு அம்மனைப் பார்க்க பஸ் ஏறிவிடுவாள். அவள் தலை மறைந்ததும் மாமா கதவைச் சாத்திக்கொண்டு அதே கதையைப் போடுவார். ஒருமுறை நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது, திருடன் மாதிரி டிவியை அணைத்தார். "உங்க அக்காகிட்ட சொல்லிடாதடா" என்றார். தறிக்கு லீவு விட்ட நாளில் மனிதன் டிவி பார்க்கிறான் என்று என் புத்திக்கு எட்டவில்லை. அமாவாசை, பூட்டிய கதவு, விஷம் என்று என் தலைக்குள் பின்னணி இசையே ஓட ஆரம்பித்துவிட்டது.

சாயங்காலம் அக்கா குங்குமப் பொட்டலத்தோடு திரும்பி வருவாள். மாமா உடனே சொல்வார்: "பையன் கூப்ட்டான்." அவன் வீட்டுக் கதவு நீலம் என்பார். வாசலிலிருந்து கடலுக்குப் படி இறங்குகிறதாம். கீழ் வீட்டுக் கிழவி ஒரு வெள்ளை நாய் வளர்க்கிறாளாம். அக்கா கேட்டுக்கொண்டே இருப்பாள். கடைசியில் ஒரு இடி இடிப்பாள். "நான் ஊட்ல இருக்கிற நாளா பாத்து கூப்புடமாட்டானா உம் புள்ள?"

"அப்பதான் அவனுக்கு டியூட்டி முடியுது. நீ ஏன் கோயில் கோயிலா சுத்திகினு இருக்கிற?"

இதெல்லாம் என் காதில் விழுந்ததுதான். ஆனால் நான் துப்பறிந்துகொண்டிருந்தேன். தினமும் காலையில் அக்கா வீட்டுக்குப் போய், அவள் காபியை நான் ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகே அவளிடம் கொடுத்தேன். "ஏன்டா, உம் பொண்டாட்டி உனுக்கு காபி போடறதில்லையா?" என்று அவள் தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள். சாயத்தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஆசிட் கேனை எடுத்துக்கொண்டு போய் என் கடையில், பழைய சார்ஜர் பெட்டிக்கு அடியில் மறைத்தேன். ஆசிட் விடாமல் பட்டில் சாயம் ஏறாது. மறுநாள் மாமா தெருவில் நின்று கத்தினார்: "கேன எவன்டா தூக்கினு போனது? நூலு வெளுத்துகினு நிக்குது! முதலாளிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

அடுத்த அமாவாசைக்கு நேராக உள்ளே போய் நின்றேன். கேன் என்னிடம்தான் இருக்கிறது என்றேன். "இந்தக் கொலையை எதுக்கு மாமா திரும்பத் திரும்பப் பாக்கறீங்க?" என்று கேட்டேன்.

மாமா என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "கொலையா? இதுல எவன்டா கொல பண்றான்?"

அத்தனை மாதமாகப் பார்த்தவர் கொலையைப் பார்த்ததே இல்லை. இன்ஸ்பெக்டர் தெருவில் நடக்கும் இடம் வந்தால் மாமா நிறுத்துவார். வீட்டுக்குள் போனால் ஓட்டிவிடுவார். அன்றும் திரையில் ஒரு தெரு நின்றுகொண்டிருந்தது. நீலக் கதவு. கடலுக்கு இறங்கும் படி. கிழவி. வெள்ளை நாய். எனக்கு அந்தத் தொடர் மனப்பாடம். ஆனாலும் அந்தக் கதவை அதுவரை நான் கண்டதில்லை. நான் பார்த்ததெல்லாம் கோப்பையை மட்டும்.

"பையன் அங்கியே ஒருத்திய கட்டிகினான்டா. போன்ல சொன்னான். நான் செத்தாலும் எம் மூஞ்சில முழிக்காதன்னுட்டேன். அவனும் சரிப்பான்னு வச்சிட்டான். அப்புறம் அந்த நம்பரே இல்ல." ரிமோட்டைத் துண்டில் துடைத்தார். "உங்க அக்காவுக்கு எதனா சொல்லணுமே. எனக்கு எங்க தெரியும் அந்த ஊரு?"

கேனைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

போன ஆடியில், சாயத்தொட்டிப் பக்கத்திலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார் மாமா. பையனோடு செய்யாற்றில் வேலை பார்த்த ஒருவனைத் தேடிப் பிடித்து, புது நம்பரை வாங்கி, செய்தி அனுப்பினேன். பிணம் வாசலில் கிடந்தது. என் கண் போனைவிட்டு நகரவில்லை. 'படித்தாயிற்று' என்கிற இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. அவ்வளவுதான். கொள்ளிச்சட்டியை மாமாவின் அண்ணன் மகன் தூக்கினான். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "டிக்கெட் கிடைக்கலையாம் அக்கா" என்றேன். மாமாவிடமிருந்து அந்த வேலை எனக்கு அத்தனை சுலபமாகக் கைமாறியது.

போன அமாவாசைக்கு அக்கா படவேட்டுக்குப் போகவில்லை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கதையப் போடுடா."

"எந்தக் கதை?"

"நடிக்காத. டிவிய போட்டாலே மொதல்ல அதான் வந்து நிக்குது. எனக்குப் படிக்கத்தான் தெரியாது, கண்ணு கூடவா தெரியாது? நீலக் கதவ நான் பாத்து எவ்ளோ நாளாச்சு."

"அப்புறம் ஏன் அக்கா மாமாவை அவ்வளவு கேள்வி கேட்ட?"

"கேக்கலன்னா அந்த மனுஷன் இன்னா பண்ணுவாரு? பேச வேற இன்னா இருந்தது எங்களுக்கு?"

போட்டேன். தெரு வந்ததும், உறையின் ஓட்டைக்குள் கட்டைவிரலை வைத்து அழுத்தி அவளே நிறுத்தினாள். சாயம் இன்னும் அந்த ஓரத்தில் இருந்தது. பையன் பிறப்பதற்கு முன்னால் எடுத்த படம் இது, அந்த நாயெல்லாம் எப்போதோ செத்திருக்கும் என்று உளறினேன். அவள் திரும்பவில்லை.

"உங்க மாமா செத்ததுக்கு அவனுக்குச் சேதி போச்சா இல்லையா? கதை வேணாம்."

"போச்சு அக்கா. படிச்சான். வரல."