நேர்ந்து விட்ட சேவலின் முள்

சேவலைப் பிடிக்க ஒரு முறை உண்டு. அதன் எதிரே போய் நிற்கக் கூடாது, ஓடக் கூடாது, குனிந்து கெஞ்சவும் கூடாது. பக்கவாட்டில் நெருங்கி, இரண்டு இறக்கைகளையும் உடம்போடு சேர்த்து அமுக்கித் தூக்கி, இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் தலையைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். திமிறுவதை நிறுத்திய பிறகும் விடக் கூடாது. பெட்டைகள் பார்க்கும்படி கொல்லையை நாலு சுற்று சுற்றி வர வேண்டும். அவமானம் உடம்பில் ஊறக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பயிற்சிக்கு வரும் பெண்களையும் ஏறக்குறைய இதே முறையில்தான் பழக்கினேன். ஒருத்தியும் என்னைக் கொத்தியதில்லை.

என் கணவருக்கு இந்த முறை வராது. திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கடையில் காலமெல்லாம் நின்று வியாபாரம் பார்த்தவர். வாங்க வந்தவன் வாங்காமல் போனாலும் வாசல்வரை போய் வழியனுப்புகிற ஜாதி. சேவலிடமும் அதே மரியாதைதான். "ராசா, செத்த தள்ளிக்க, அய்யா தண்ணி வச்சுட்டுப் போயிர்றேன்" என்பார். ராசா கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு, தலையைத் தரையோடு தாழ்த்தி, ஒரே எம்பில் அவர் முழங்காலில் வந்து விழும். மே மாதத்திலிருந்து அவர் பிளாஸ்டிக் நாற்காலியை முன்னால் பிடித்துக்கொண்டுதான் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்வந்தார். வடமதுரைச் சாலையில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிற டவுன் பஸ் கூட்டத்துக்கு, நாற்காலியோடு பின்வாங்கி நடக்கும் அந்த மனிதர் நல்ல பொழுதுபோக்கு. எனக்கும்தான்.

ஆறு பெட்டைகளுக்கு அது ஒன்றுதான் சேவல். அதன் உடன்பிறப்பு ஒன்றை ஈஸ்டருக்கே குழம்பாக்கிவிட்டோம். இது செவலை, வாலில் கறுப்பு, கணுக்காலுக்கு மேலே சுண்டுவிரல் நீளத்துக்கு முள். பெட்டைகளின் முதுகில் இறகே கிடையாது, எல்லாம் அது ஏறி மிதித்துப் பிய்த்தது. ஒன்றுக்கு விலாவில் தோல் கிழிந்து சதை தெரிந்தது. நான் உட்கார்ந்து தையல் போட்டேன். தையல் போடும்போதே சொன்னேன்:

"வர்ற ஞாயித்துக்கிழம இவன வெஞ்சனமாக்கிருவோம்."

"ஏம்மா, அது நேந்து விட்டது" என்றார் அவர்.

எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆகஸ்டு முதல் வாரம் வரும். நேர்ந்துகொண்டவர்கள் ஆடும் கோழியுமாகக் கொண்டுவந்து புனிதருக்கு ஒப்படைப்பார்கள். எல்லாம் பெரிய பெரிய அண்டாக்களில் ஒன்றாக வெந்து, மதம் பார்க்காமல் வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறப்படும். நேர்ந்த உயிரை அதற்கு முன் அறுக்கக் கூடாது, விற்கக் கூடாது, பழுதாக்கவும் கூடாது. கடைசி விதி கோயிலில் சொன்னதா, என் கணவர் சேர்த்துக்கொண்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தச் சேவலை அவர் எனக்காகத்தான் நேர்ந்திருந்தார். பிப்ரவரியில் என் மார்பில் ஒரு கட்டி. மதுரைக்குப் போய்ச் சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். கூட வாருங்கள் என்றேன். "நீயே நர்ஸு, ஒனக்குத் தெரியாததா? எனக்கு ஊசியப் பாத்தாலே மயக்கம் வருது" என்று வீட்டில் இருந்துவிட்டார். தனியாகப் போனேன், தனியாக ரயிலேறி, கட்டுப் போட்ட மார்போடு ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பினேன். ஒரு வாரம் கழித்துப் புதன்கிழமை முடிவு கைப்பேசிக்கு வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போனேன்.

சனிக்கிழமைதான் சொன்னேன். அந்த மூன்று நாளும் அவர் தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனார். வெள்ளிக்கிழமை காலை, அப்போது இன்னும் சாதுவாக இருந்த செவலையைக் கையில் எடுத்து, அதன் நெற்றியில் சிலுவை போட்டு ஏதோ முணுமுணுத்ததை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். அவர் துடித்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இல்லை. இதமாகத்தான் இருந்தது.

ஆக, திருவிழாவரை அறுக்க முடியாது என்று ஆனது. சரி, முள்ளையாவது நறுக்கலாம் என்றேன். நுனியை மட்டும் வெட்டி அராவிவிட்டால் போதும். ரத்தம் வந்தால் நிறுத்த வழி தெரியும்.

"மொடமாக்கி சாமிக்குக் குடுப்பாங்களா?"

"நகம் வெட்டுனா மொடமா? நீங்க வெட்டுறதில்லையா?"

"என்னைய யாரும் சாமிக்கு நேந்து விடல சிஸ்டர்."

பயந்தால் அவர் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். ஊசி போட்டுக்கொள்ள வருகிறவன் கூப்பிடுகிற தொனியில்.

வெட்டாமல் செய்ய வேறு வழியும் உண்டு. சிறுநீர் போகப் போடுகிற ரப்பர்க் குழாயில் இரண்டு துண்டு நறுக்கி, முள்ளின்மேல் உறைபோல மாட்டி, பிளாஸ்திரியால் சுற்றிவிட்டேன். தலையில் ஒரு பழைய காலுறையைக் கவிழ்த்தால் எந்த வீரனும் பிணம்போலக் கிடப்பான். பத்து நிமிஷ வேலை. அன்று மாலை அது வழக்கம்போல அவர்மேல் எம்பியது. ரப்பர் 'பொத்' என்று பட்டு, அது புரியாமல் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பாவம், நொண்டுது."

"நொண்டட்டும். உங்களுக்குச் சக்கரை இருக்கு. கால்ல ஒரு கீறல் விழுந்தா என்ன ஆகும்னு தெரியும்ல? வார்டுல எத்தன காலு பாத்திருக்கேன் தெரியுமா? ரப்பர்ல கை வச்சீங்க, அப்புறம் இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பாதிச் சம்சாரம் அப்படித்தான் ஓடியிருந்தது.

ஜூலையில் அவர் திடீரென்று காலை நடைக்குப் போக ஆரம்பித்தார். கான்வாஸ் ஷூவும் காலுறையும் மாட்டிக்கொண்டு கிளம்புவார். திரும்பி வந்தும் காலுறையைக் கழற்றுவதில்லை. கேட்டால், "காத்துல ஒரே மண்ணா இருக்கு" என்றார். வருஷக்கணக்காக நடங்கள் நடங்கள் என்று கத்தியவள் நான். கடைசியில் புத்தி வந்ததே என்று நினைத்தேன். சேவலின் கால்களில் ரப்பர் இல்லாததையும் பார்த்தேன். கொத்திப் பிய்த்திருக்கும் என்று எண்ணி, அதைப் பிடித்துப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடி, மேலே அம்மிக்கல் குழவியைத் தூக்கி வைத்தேன். அத்தனை நடைமுறையும் பிசகாமல் செய்தேன். அவர் காலைப் பார்க்கவில்லை.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, நாற்காலியில் காலை நீட்டிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவரைக் கடந்து துணி எடுக்கப் போனேன். வாசனை வந்தது. அந்த வாசனையை எனக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

"காலுறையக் கழட்டுங்க."

"அப்புறமாம்மா."

"கழட்டுங்கன்னேன்."

கழன்றபோது அதோடு தோலும் கொஞ்சம் வந்தது. வலது கால், இரண்டாவது விரலின் அடியில் முள் இறங்கிய துளை. சுற்றிலும் மஞ்சள் அப்பியிருந்தார். விரல் கறுத்திருந்தது. வலிக்கவில்லையாம். வலி தெரிகிற நரம்பெல்லாம் சர்க்கரையில் எப்போதோ செத்துவிட்டது.

"ரப்பர நான்தான் கழட்டினேன். கழட்டுறப்பவே ஒரு போடு போட்டுருச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கத்துவ. அதக் கொன்னுபுடுவ."

இரண்டும் உண்மை.

ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்த டாக்டர், விரலோடு நிற்குமா, பாதத்தோடு போகுமா என்பது இரண்டு நாளில் தெரியும் என்றார். இந்த வாக்கியத்தை எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அந்த இரண்டு நாளும் காலின் நிறத்தைக் கணுக்கால்வரை மணிக்கொரு முறை பார்த்துக்கொண்டிருந்தேன். விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

கட்டிலில் கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "சேவலுக்கு இர வச்சியா?"

"போய்க் கழுத்தத் திருகப் போறேன்."

"ஐயோ, திருவிழாவுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான். நேந்தது உனக்காக. உனக்கு எதுவும் ஆயிரக் கூடாது."

எனக்கு வந்தது கோபமா வேறெதுவுமா தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

"ஒண்ணும் ஆகாது. அந்த நேர்ச்சையே செல்லாது. நீங்க வெள்ளிக்கிழம நேந்தீங்க. ரிப்போர்ட்டு புதன்கிழமையே வந்துருச்சு. ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுதான் நான் பேசாம இருந்தேன்."

"ஏன்?"

"மதுரைக்கு நீங்க வரல. அதான்."

அவர் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தபடி கிடந்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டுவார் என்றுகூட. ஒரு விரலைக் கொடுத்தவனுக்கு அந்த உரிமை உண்டு. பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் கேக்கறதுக்கு முந்தியே குடுத்துட்டாரா?"

"யாரு?"

"நான் வாயவே தெறக்கல. ரெண்டு நாளு முந்தி புனிதரு அவரா குடுத்திருக்காரு! ஒரு சேவலெல்லாம் பத்தாதும்மா."

அன்று மாலை அவர் தங்கை வடமதுரையிலிருந்து இட்லியோடு வந்தாள். அவள் பையைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார். "தங்கச்சி, கேட்டியா புதுமைய! ஒம் மதினி ரிப்போர்ட்ட மூணு நாளு ஒளிச்சு வச்சிருந்திருக்கா. நான் பச்சத் தண்ணி பல்லுல படாமக் கெடந்தேனே, அந்த மூணு நாளும் ரிப்போர்ட்டு இவ கையிலதான் இருந்திருக்கு!"

"மூணு நாளா மதினி?" அவள் என்னைப் பார்த்தாள்.

"அத விடு. புனிதரு அதுக்கு முன்னாடியே பாத்துக்கிட்டாரு, அதச் சொல்லு!"

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி எழுந்து வந்து மறுபடி முதலிலிருந்து கேட்டாள். அவளுக்கும் சொன்னார். டிரிப்ஸ் மாற்ற வந்த பெண் என்னிடம் பயிற்சி எடுத்தவள், அவளையும் விடவில்லை. "உங்க சிஸ்டர்தான்மா, இவங்கதான், மூணு நாளு" என்று என்னைக் காட்டினார். குரலில் ஒரு துளி குற்றச்சாட்டு இல்லை. கல்யாண வீட்டில் மணப்பெண்ணை அறிமுகப்படுத்துகிற மாதிரி இருந்தது. அந்தப் பெண் குழாயைத் திருகிய கையை அப்படியே நிறுத்தி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். என்னிடம் வேலை பழகிய நாட்களில் அவள் ஒருபோதும் அப்படிப் பார்த்ததில்லை.

"எந்தக் கிழமம்மா வந்துச்சு?" என்று என்னிடம் திரும்பினார். அவருக்குச் சாட்சி வேண்டியிருந்தது. நாலு முகங்கள் காத்திருந்தன.

"புதன்கிழமை" என்றேன். "காலையில. பத்து மணிக்கு."

"பாத்தீங்களா!" என்றார் அவர்.