வேலை நாளில் விழுங்காத மாத்திரை

பெரிய பெயின்டருக்குத் தரையில் வேலை என்றால் முகம் கோணும். அஞ்சு மாடி உயரத்தில், ரெண்டு கயிற்றில் தொங்குகிற பலகையில் நின்றால்தான் சீட்டி வரும். அப்பேர்ப்பட்ட ஆள் போன வருஷம் மூணு மாசம் பிரஷ்ஷையே தொடாமல் படுக்கையில் கிடந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் பார்ப்பது அவர் தொழில்தான், ஆனால் இது வேற மாதிரிப் பார்வை. மனைவி மனநல டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். தினம் ஒரு மாத்திரை. ரெண்டு மாசத்தில் ஆள் எழுந்து பழையபடி பலகை ஏறிவிட்டார்.

ஒரே தொல்லை, மாத்திரை போட்டால் வாய் காய்ந்தது, கொட்டாவி கொட்டோ கொட்டென்று கொட்டியது. அந்த உயரத்தில் கொட்டாவி ஆகுமா? அதனால் அவரே ஒரு சட்டம் போட்டார்: லீவு நாளில் மட்டும் மாத்திரை, வேலை நாளில் கிடையாது. யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரா வந்து பலகை ஏறப்போகிறார்?

நாலாம் நாள் தலையைத் திருப்பினாலே மண்டைக்குள் சுரீரென்று கரண்ட் அடித்தது. கால் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்றது.

"மச்சான், பலகை ஆடுது. காத்தா?" என்றான் மனைவியின் தம்பி, பலகையின் மறுமுனையில் நின்றவன்.

"காத்துதாண்டா."

"காத்து உங்க செருப்பப் போட்டுக்கிட்டு ஆடுதே."

பலகையைக் கீழே இறக்க ஒரு முறை உண்டு. அவர் "விடு" என்பார். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரு முழம் கயிறு விட வேண்டும். அன்றைக்கு "விடு" என்று சொன்னவர் கையே விடவில்லை. சுரீர்! கண் இருட்டி, கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தம்பி பக்கம் பலகை சரிந்தது, பெயின்ட் டப்பா பறந்தது, தம்பி இடுப்பு பெல்ட்டில் தொங்கினான்.

"மச்சான்! விடுங்க! மெதுவா!"

விட்டார். எப்படியோ தரைக்கு வந்தார்கள். தம்பி முகம் வெள்ளைவெளேர். பாதி பெயின்ட், பாதி பயம்.

"சரக்கு போட்டிருக்கீங்களா?"

"இல்லடா. மாத்திரை போடல. நாலு நாளா."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"சொன்னா கொன்னுடுவா."

"இப்ப ரெண்டு பேரும் செத்திருந்தா அவ யாரைக் கொல்லுவா?"

மத்தியானமே மனைவியையும் சேர்த்து மூணு பேரும் டாக்டர் முன்னால் இருந்தார்கள். பெரிய பெயின்டர் உட்காராமல் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார்.

"கொட்டாவி வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போடுற நேரத்தையோ மருந்தையோ மாத்தியிருப்பேன்" என்றார் டாக்டர். "இத விட்டு விட்டுப் போடக்கூடாது, சட்டுன்னு நிறுத்தவும் கூடாது. நிறுத்தினா இப்படித்தான் மண்டையில கரண்ட் அடிக்கும். நிறுத்தணும்னா நான் பாத்துப் பாத்துக் குறைக்கணும். சரி, சாகணும்னு தோணுச்சா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"நேத்து... மேல நிக்கும்போது. ஒரு நிமிஷம்."

தம்பிக்கு வாயில் ஒரு கிண்டல் தயாராக இருந்தது. விழுங்கிவிட்டான். மனைவி எழுந்து போய் அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். நடை நின்றது. கால் மட்டும் துடித்தது.

டாக்டர் சொல்கிற வரை உயரம் கிடையாது. மாத்திரை இனி மனைவி கையால். அந்த நினைப்பு மறுபடி வந்தால் எந்த நேரமானாலும் உடனே சொல்ல வேண்டும்.

மறுநாள் அவருக்கு அதே கட்டடத்தின் கேட்தான் வேலை. ஒரு கம்பி அடிப்பார், எழுந்து நடப்பார், வந்து அடுத்த கம்பி அடிப்பார். தம்பி இன்னொரு பிரஷ்ஷோடு பக்கத்தில் வந்து குந்தினான்.

"மேல யாருடா?"

"சுவர் எங்கயும் ஓடிடாது மச்சான். தள்ளி உட்காருங்க."