வெறும் குளிசை

சிறுநீரக நோய்க்கு ஒரு புதிய மருந்தை எங்கள் கிளினிக்கில் சோதித்த காலத்தில், மூதூரிலிருந்து ஒரு மீனவர் வருவார். வீங்கிய கால் நுழையாததால் செருப்பின் வாரை வெட்டிவிட்டிருந்தார். பரிசோதனைக்காக ஒருநாள் முழுக்கச் சேர்த்த சிறுநீர் இருந்த பிளாஸ்டிக் கானைப் பழைய சாரத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார்.

பாதிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரை, மீதிப் பேருக்கு அதேபோலிருக்கும் மருந்தில்லாத வெறும் குளிசை. அதைச் சொல்லித்தான் சேர்த்திருந்தோம். யாருக்கு எது என்பது தாதியான எனக்கும் தெரியாது.

"மிஸ்ஸி, எனக்கு மருந்துதானோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

ஆய்வு முடிந்தது. மருந்து நன்றாக வேலை செய்திருந்தது. அவருக்குக் கிடைத்தது வெறும் குளிசை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப நான் சும்மாவோ வந்து போனனான்?"

"இல்லை ஐயா. உங்களோட ஒப்பிட்டுப் பாத்துத்தான் மருந்து நல்லதெண்டு தெரிஞ்சது."

"அப்ப இனி எனக்கும் தருவியள்தானே?"

"அந்த மருந்து விற்பனைக்கு இன்னும் இங்க வரேல்லை. எப்ப வருமெண்டு சொல்ல ஏலாது ஐயா."

அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"மருந்து குடிச்ச ஆக்கள் சுகமா இருக்கினமோ?"

"ஓம்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். கோபத்தில் கேட்டாரா, அக்கறையில் கேட்டாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.