வெள்ளிக்கிழமை ஜெபம் ஜெனி வீட்டில்

ஜெனிக்கு இருபத்து நாலு வயது முடிந்துவிட்டது. ஓட்டுப் போட்டுவிட்டாள், வருமான வரி தாக்கல் செய்துவிட்டாள், மும்பை ஆண்டாப் ஹில்லில் ஓர் அறையும் அடுப்படியுமாக ஒரு வீட்டைத் தன் பெயரிலேயே வாடகைக்கு எடுத்து, கேஸ் இணைப்பும் வாங்கிவிட்டாள். அரசாங்கம் அவளைப் பெரியவள் என்று எப்போதோ ஒப்புக்கொண்டாயிற்று. தாராவியில் அவள் போகும் தமிழ்ச் சபைதான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே அவள் வேதமுத்துவின் மகள், அவ்வளவுதான்.

அந்த வேதமுத்து குர்லாவில் ஒரு பட்டறையில் முப்பத்தொரு வருஷம் லேத் ஓட்டியவர். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் கை நடுக்கம் வந்து, தாராவி வீட்டை விற்றுவிட்டு, மனைவி ஏஞ்சலம்மாளோடு தெற்கே நாசரேத் பக்கம் சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். மகன் அஜின் அதற்கு முன்பே கல்யாணமாகிச் சான்பாடாவில் குடியிருந்தான்; சபையையும் அங்கேயே மாற்றிக்கொண்டிருந்தான். ஊருக்கு எடுத்துப்போக முடியாத பீரோவையும் ஜெனியையும் அவன் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள்.

அஜின் தங்கமானவன். அவன் மனைவி லிசாவும் ஒரு சொல் கடிந்து சொன்னதில்லை. ஆனால் ஹால் சோபாவில் படுப்பவளால் கடைசி ஆள் டிவியை அணைக்கும்வரை கண்மூட முடியாது. தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறப்பதென்றாலும் யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருக்கும். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தாள். மாட்டுங்காவில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு ரிசப்ஷன் வேலை. போக வர தூரம் என்று ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டு ஆண்டாப் ஹில்லுக்குக் குடிவந்தாள். போனில் விலாசத்தைச் சொன்னபோது அப்பா, “சரி, வைக்கேன்” என்றார். அதற்கப்புறம் ஊர் மழை, அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் பேசுவார். அவள் வீட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அடம்பிடித்துத் தனி வீடு வந்தவளுக்கு, அதில் தனியாக இருப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. வேலைவிட்டு வந்து கதவைத் திறந்தால், காலையில் குடித்த டம்ளர் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். சில நாள் அதைப் பார்த்ததுமே அழுகை வந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் இசக்கிசெல்வி அக்கா வீட்டுக் குக்கர் விசில்தான் துணை.

சபையில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிதோறும் மாலை ஏழு மணிக்கு ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். வீடுகளுக்கு முறை வரும். வீட்டுக்காரர் வேதபாடம் வாசிக்க வேண்டும், வந்தவர்கள் பாட்டுப் பாடி ஜெபிப்பார்கள், கடைசியில் டீயும் மிக்சரும். கல்யாணமாகாதவர்களுக்கு முறை வராது. அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை. ஜெனி கேட்டாள்.

முறைப்பட்டியல், சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் கையில். நல்ல மனிதர். முதலில் சிரித்து மழுப்பினார். மூன்று ஞாயிறு விடாமல் நச்சரித்த பிறகு, “சரிம்மா, அப்பாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன். அட்ரஸயும் அவியகிட்டயே வாங்கிக்கிடுதேன்” என்றார். மகள் வீட்டு விலாசத்தைத் தகப்பனிடம்தான் கேட்க வேண்டும் அவருக்கு. எதிரில் நிற்கிறவளிடம் கேட்கத் தோன்றவில்லை. ஜெனிக்கும் அதில் வில்லங்கம் தெரியவில்லை. அப்பாவுக்குத்தான் விலாசம் தெரியுமே.

அடுத்த ஞாயிறு சபையில் அறிவித்தார்கள்: வெள்ளி ஜெபக்கூட்டம் ஜெனி வீட்டில், விலாசம் வாட்ஸாப் குரூப்பில் வரும். அந்த குரூப் குடும்பத் தலைவர்களுக்கானது. ஊருக்குப் போன பிறகும் வேதமுத்து அதில் இருந்தார். ஜெனி இல்லை.

அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள்; படித்ததெல்லாம் இங்கிலீஷும் ஹிந்தியும். செல்வி அக்காவை அந்த வாரத்துக்குக் குறித்திருந்த வேதபாடத்தை வாசிக்கச் சொல்லி, இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தாள். வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டாள். அக்காவிடம் இரண்டு பாய் இரவல் வாங்கி விரித்தாள். பதினெட்டுக் காகிதக் கப்புகளை எடுத்து வைத்தாள். ஆறு மணிக்கே வாசல் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

ஏழு ஆயிற்று. ஏழேகால். பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஏழரைக்கு அஜின் கூப்பிட்டான்.

“ஏ ஜெனி, எங்க இருக்க? எல்லாரும் வந்து உக்காந்துட்டாவ, ஒன்னத்தான் காணும்.”

எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். சான்பாடாவில், அவன் வீட்டில். குர்லாவில் வண்டி மாறிப் பதினேழு பேர் வந்திருந்தார்கள். விலாசம் கொடுத்தது அப்பா. ஜெனியும் வந்துவிடுவாள் என்று காலையில் அவனிடமும் சொல்லியிருக்கிறார். வேறென்ன செய்வார் பாவம்? மகள் அண்ணன் வீட்டில் பத்திரமாக இருக்கிறாள் என்றுதானே இரண்டு வருஷமாக ஊரிலும் சபையிலும் சொல்லிவருகிறார். நீ எங்கேம்மா இருக்கிறாய் என்று சபையில் ஒருவர்கூடத் தன்னைக் கேட்காதது ஏன் என்று ஜெனிக்கு இப்போதுதான் விளங்கியது.

அஜின் குரலைத் தாழ்த்தினான். “ட்ரெயின் கெடைக்கலன்னு சொல்லிரு. இல்லன்னா அப்பா மானம் போயிரும்” என்று சொல்லிவிட்டுப் போனை உபதேசியாரிடம் கொடுத்தான்.

சொல்லிவிடலாம்தான். மும்பையில் ரயில்மேல் பழிபோட்டால் யாரும் சந்தேகப்படப் போவதில்லை. அப்பாமேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, இரக்கம்தான் வந்தது. ஆனால் எதிரே இரண்டு பாயும் காலியாகக் கிடந்தன. இன்றைக்கு இந்த வீட்டை இல்லையென்று சொல்லிவிட்டால் இனி எந்த நாளும் இது இல்லைதான்.

“வீட்லதான் இருக்கேன் அய்யா. ஆண்டாப் ஹில்ல. ரெண்டு வருசமா தனியாத்தான் இருக்கேன். நீங்கல்லாம் வருவியன்னு டீ போட்டு வச்சிருக்கேன்.”

உபதேசியார், இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இங்கேயே முடித்துவிடுகிறோம், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார். போனைக் கீழே வைத்தவர் அதை அணைக்க மறந்துவிட்டார். பாட்டுக் கேட்டது. வேதபாடத்தை அஜின் வாசித்தான். அவள் மனப்பாடம் செய்த அதே பாகம். திறந்த கதவைப் பார்த்தபடி அவளும் கூடவே சொன்னாள். ஜெனிக்கு நல்ல துணை அமைய வேண்டும் என்று எல்லாரும் ஜெபித்தார்கள். ஆமென் வரை கேட்டுவிட்டு அணைத்தாள்.

டீயில் ஆடை படிந்துவிட்டது. சான்பாடாவிலிருந்து யாரோ சொல்லியிருக்க வேண்டும், அப்பா கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தாள்.

“கதவப் பூட்டிட்டியாம்மா?”

அவளுக்கென்று ஒரு கதவு இருப்பதை அவர் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை.

“பூட்டலப்பா” என்றாள் ஜெனி. “தொறந்துதான் வச்சிருக்கேன்.”