நடு ஹாலில் சாப்பிட்ட மசால் தோசை

ஐம்பதுகளின் தொடக்கம். மெட்ராஸில் டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம். அக்னி நட்சத்திர வெயிலில், பொன்னேரிப் பக்கம் நாங்கள் கூலிக்குப் போகும் வயல்களில் வேலை நின்றுபோயிருந்தது.

"சும்மா ஊட்ல குந்திக்கினு இன்னாடி பண்றது? வா, மெட்ராஸ் பாத்துட்டு வரலாம்" என்றார் என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கோ கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆண் துணை இல்லாமலா என்று வீட்டில் பெரிய சண்டை. அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பொன்னேரியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கிவிட்டோம்.

மிருகக்காட்சி சாலைக்கு அப்போது உயிர் காலேஜ் என்று பெயர். அங்கே புலி கொட்டாவி விட்டதற்கே நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். செத்த காலேஜில், அதாவது மியூசியத்தில், திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. பிறகு டிராமில் கொஞ்ச தூரம், நடையாகக் கொஞ்ச தூரம் போய்க் கடற்கரையைப் பிடித்தோம். பழவேற்காடு பக்கத்தில் இருந்தும் நான் அதுவரை கடலையே பார்த்ததில்லை. முழங்கால் வரை புடவை நனைய, இருவரும் சிறுபிள்ளைகள் மாதிரி கூச்சல் போட்டோம்.

சாயங்காலம் பசி. சென்ட்ரலுக்குத் திரும்பும் வழியில் பெரிய ஓட்டல் ஒன்று. உள்ளே மின்விசிறிகள் சுழன்றன. வாசலிலேயே சர்வர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா? ஊர்ல எந்தத் தெரு?"

சேரியில் பிறந்த எங்களுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியாதா? நான் தலை குனிந்தேன்.

"பின்பக்கமாப் போங்க. பொட்டலம் கட்டித் தரச் சொல்றேன்."

நான் திரும்பிவிட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய், நடு ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தார்.

"எந்தத் தெருவா இருந்தா உனக்கின்னா? சர்க்காரு சட்டம் போட்டுக்கீது, தெரியுமில்ல? ரெண்டு மசால் தோசை கொண்டா."

ஹாலே எங்களைப் பார்த்தது. கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து வந்தார். "போலீசைக் கூப்பிடணுமா?"

"கூப்புடு நைனா. அவங்க வர்ற வரைக்கும் இங்கயே குந்திக்கினு இருக்கோம். சட்டம் இன்னா சொல்லுதுன்னு அவங்களையே கேக்கலாம்."

அந்த நேரம் ஃபேமிலி ரூமின் திரையை விலக்கி, பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார். "இங்கே இடமிருக்கு. எங்களோட வந்து உட்காருங்களேன்."

அக்கா சிரித்தார். "சந்தோஷம்மா. ஆனா இங்கயே காத்து நல்லா வருது."

ஹாலில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் இன்னொருவர். முதலாளி சர்வரைப் பார்த்துத் தலையசைத்தார்.

எல்லோருக்கும் வைத்ததுபோலவே எங்களுக்கும் இலை போட்டு, முறுகலாக இரண்டு மசால் தோசை வந்தது. கடைசியில் ஐஸ்கிரீமும் கேட்டு வாங்கி, பல் கூசக் கூசச் சாப்பிட்டோம். ஒரு வாய்கூட அவசரமாக விழுங்கவில்லை.

அக்கா இன்று இல்லை. ஆனாலும் அன்று முதல் எந்த வாசலில் நின்றாலும், உள்ளே போகலாமா என்று நான் யார் முகத்தையும் பார்த்ததில்லை.