நடையா, ரயிலா?

எங்கள் அண்ணன் எங்களை விட்டுக் கர்த்தரிடம் போய் ஓர் ஆண்டு ஆகிறது. நினைவு ஜெபத்தன்று கொடுக்கப்போகும் இந்த மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். "பொறுமையானவர், அமைதியானவர்னு நாலு வார்த்தை போட்டுடுங்க அத்தை" என்றான் அண்ணன் மகன். பொய் எழுத எனக்குக் கை வராது. அண்ணனுக்கும் பொறுமைக்கும் வெகு தூரம். அவர் பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதத்தில் வாழ்ந்த குடும்பம் இது. ஆகையால் அதைத்தான் எழுதப் போகிறேன்.

இரும்புலியூரில், ரயில்வே குமாஸ்தாவாக இருந்த எங்கள் அப்பாவுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடியும் நேரத்தில் அப்பா காலமாகிவிட, கல்லூரிக் கனவை மூட்டை கட்டி வைத்துவிட்டு, குரோம்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தார். என்னை ஆசிரியப் பயிற்சி வரை படிக்க வைத்ததும், கட்டிக் கொடுத்ததும் அவர்தான். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியதெல்லாம் ஒன்றைப் பற்றித்தான்: விடிவெள்ளி.

விடிவெள்ளி என்பது எங்கள் பகுதி ஆண்கள் சேர்ந்து நடத்திய கால்பந்து கிளப். அண்ணனுக்கு ஆட வராது. பந்தை உதைத்தால் செருப்புதான் முதலில் பறக்கும். ஆனால் விடிவெள்ளி ஆடும் இடத்தில் கோட்டுக்கு வெளியே தொண்டை கிழியக் கத்துகிற முதல் ஆள் அவர்தான். கிளப்பும் லேசுப்பட்டதல்ல, தோற்பதில் அதை யாரும் மிஞ்ச முடியாது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள். பட்டணத்தில் ஆட்டம். எங்கள் கோல்கீப்பர் மாணிக்கம் அண்ணனின் காலுக்கு நடுவில் பந்து புகுந்து கோலாகிவிட்டது. அந்த ஒரு கோலில் தோல்வி. திரும்பும் மின்ரயிலில் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. குரோம்பேட்டை வந்ததும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"இன்னாபா, எங்க போற?" என்று ஒருவர் கேட்டார்.

"நீங்கோ போங்க. நான் நடந்தே வர்றேன். உங்க கூட குந்திகினு வர்றதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல."

எங்கள் அண்ணன் எழுந்தார். "கோல் உன் மேலயா விழுந்துச்சு? நம்ம எல்லார் மேலயும்தான் விழுந்துச்சு. இறங்குங்கடா எல்லாரும்!" என்றார். பெட்டியில் இருந்த ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் மொத்தமாக இறங்கி, ஜிஎஸ்டி ரோடு வழியாகத் தாம்பரம் தாண்டி இரும்புலியூர் வரை நடந்தார்கள்.

அன்று முதல் அதுவே வழக்கமாகிவிட்டது. ஜெயித்தால் தாம்பரம் வரை ரயில். தோற்றால் குரோம்பேட்டையில் இறங்கி நடை. வெயிலோ மழையோ, தோற்ற அன்று ஒருவரும் வண்டி ஏறக் கூடாது. அண்ணன் வாசலில் கால் வைத்ததும் அம்மா கேட்கும் கேள்வி, "நடையா, ரயிலா?" நடை என்றால் காலுக்கு வெந்நீர் தயாராக வேண்டும். "எங்க வீட்டு விறகெல்லாம் அந்த கிளப்புக்கே போகுது" என்று அம்மா திட்டிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைப்பார். ஊரார் சிரித்தார்கள். அண்ணனா கவலைப்படுகிறவர்?

கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் சோதனை வந்தது. பெண் குரோம்பேட்டை. நல்ல குடும்பம். பெண்ணின் அப்பா தலைமையாசிரியர். எங்கள் போதாத காலம், அந்த ஊர் கிளப்பின் செயலாளரும் அவரே. பெண் காபி கொண்டு வந்து வைத்தார். எல்லாம் பேசி முடிந்த நேரத்தில் தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, எல்லாம் பிடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்துக்கு அப்புறம் அந்த கிளப்பை விட்டுட்டு எங்க கிளப்புக்கு வந்துடுங்க. தோத்துட்டு ரோட்டுல நடக்கிற கூட்டத்துல என் மாப்பிள்ளை இருக்கக் கூடாது."

சரியென்று தலையாட்டும்படி அம்மா அண்ணனின் தொடையைக் கிள்ளினார். அண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "கிளப்பை விட்டுட்டு வர்றவன், நாளைக்கு உங்க பொண்ணை விட்டுட்டுப் போகமாட்டான்னு என்ன நிச்சயம் மாமா?"

அவ்வளவுதான், பேச்சு முறிந்தது. "கிளப்பையே கட்டிக்கோ, போ!" என்று அம்மா வழியெல்லாம் திட்டினார். அந்தப் பெண்ணை அண்ணனுக்கு மிகவும் பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும். குழம்பில் உப்பில்லாவிட்டால் ஊரைக் கூட்டுகிறவர், அந்த நாட்களில் போட்டதைத் தின்றுவிட்டு எழுந்து போனார். அப்போதும் ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை.

அங்கே குரோம்பேட்டையில் அந்தப் பெண், அதாவது எங்கள் அண்ணி, தம் அப்பாவிடம் என்ன சொன்னார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. "அவர் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலப்பா. வேற யாரு பொண்ணு பார்க்க வந்தாலும் நான் காபி கொண்டு வரமாட்டேன்." சொன்னபடியே செய்தார். அதன்பின் வந்த மாப்பிள்ளை வீட்டார் காபி இல்லாமலேயே திரும்பினார்கள். கடைசியில் தலைமையாசிரியரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். ஜாடிக்கேற்ற மூடி என்று அம்மா அன்று சொன்னார்.

விடிவெள்ளிக்கு ஆட்டம் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் கல்யாணத் தேதி குறித்தோம். மழை சும்மா இருக்குமா? முந்தைய ஆட்டம் ஒன்று மழையில் நின்று, சரியாகக் கல்யாண நாளுக்குத் தள்ளிப் போனது. குரோம்பேட்டை சர்ச்சில் திருமணம். மாலை வரவேற்பு நடந்துகொண்டிருக்கும்போது மாணிக்கம் அண்ணன் சேறு படிந்த காலோடு மண்டப வாசலில் வந்து நின்றார். மாலையும் கழுத்துமாக இருந்த அண்ணன் மேடையிலிருந்தே கத்தினார்: "நடையா, ரயிலா?"

"நடைதான்பா. ஆனா நீ வாணாம். மாப்ள நீ. காரு ரெடியா கீது, போய்க்கினே இரு."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். "நீ அம்மாவோட கார்ல வா. நான் பின்னாலயே வந்துடறேன்."

அண்ணி குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். "சர்ச்சுல ஒண்ணாத்தானே நின்னோம்? வாங்க, நடப்போம்."

வெள்ளைப் பட்டுப் புடவையோடு எங்கள் அண்ணி ஜிஎஸ்டி ரோட்டில் நடந்தார். பின்னால் விடிவெள்ளி மொத்தமும் நடந்தது. பூ அலங்காரம் செய்த கார் ஊர்ந்து வந்தது. அதில் அம்மா மட்டும் மகாராணி போல் உட்கார்ந்திருந்தார். பொறுத்துப் பார்த்த தலைமையாசிரியர் தூறலுக்குக் குடையை விரித்துக்கொண்டு மகளின் பக்கத்தில் வந்து சேர்ந்தார். "உங்க கிளப் தோத்ததுக்கு நான் நடக்கிறேனே, இந்தக் கொடுமையை யார்கிட்ட போய்ச் சொல்வேன்!" என்று தாம்பரம் வரை புலம்பினார். புடவைக் கரையில் ஏறிய செம்மண் எத்தனை துவைத்தும் போகவில்லை.

எழுபதுகளில் விடிவெள்ளிக்கு மைதானம் போயிற்று. அந்த இடத்தில் மனை போட்டுவிட்டார்கள். நன்றாக ஆடியவர்களை வேலை கொடுத்து அலுவலக அணிகள் அழைத்துக்கொண்டன. அவர்களை அண்ணன் குறை சொன்னதில்லை, "பொழைக்கட்டும்" என்பார். ரசிகர்கள் கழன்றுகொண்டதுதான் அவரைக் கொதிக்க வைத்தது. "ஜெயிக்கிறவனுக்குக் கை தட்ட ஊர்ல ஆளா இல்ல?" என்று கத்தினார். மிச்சம் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு பெருங்களத்தூர் பக்கம் ஒரு பொட்டலில் சீமைக் கருவேலத்தை வெட்டி, கல் பொறுக்கிப் புதிய மைதானம் போட்டார். கையெல்லாம் முள் குத்திப் பழுத்திருந்தது. அந்தக் கையோடுதான் வேலைக்குப் போனார். கிளப் இன்றும் ஆடுகிறது. இன்றும் பெரும்பாலும் தோற்கிறது.

கடைசி நாட்களில் சிறுநீரகம் பழுதாகி, கால் வீங்கி, மருத்துவமனையில் கிடந்தார். பார்க்க வந்த மாணிக்கம் அண்ணனிடம் அதே கேள்வியைக் கேட்டார். "நடைபா" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அண்ணன் கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டார். நர்ஸ் ஓடி வந்து சத்தம் போட்டார். "விடும்மா, அவர் நடக்கட்டும்" என்றார் அண்ணி. அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் கோடி வரை போய்த் திரும்பிய பிறகுதான் படுத்தார்.

அடக்கத்தன்று கல்லறைக்குப் போக வேன்கள் வந்து நின்றன. வயதானவர்களை ஏறச் சொல்லி அண்ணன் மகன் கெஞ்சினான். மாணிக்கம் அண்ணன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "தோத்த அன்னிக்கு நாங்க வண்டி ஏறமாட்டோம் தம்பி." ஒருவர்கூட ஏறவில்லை. அண்ணியும் செருப்பைக் கழற்றினார். நாங்கள் எல்லாரும் நடந்தோம். வழி நெடுக நான் அழுதேன்.

அன்று நடந்த கால்களுக்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்வோம்? மருத்துவமனையில் முறை வைத்து உடனிருந்தவர்களுக்கும், வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வந்தவர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், விடிவெள்ளியின் பழைய, புதிய ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கை கூப்புகிறது.

இதை எழுதி முடித்து அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஜெபம் முடிஞ்சு திரும்பறப்போ ஒருத்தரும் நடக்க வேண்டாம். எல்லாரும் ரயில்ல போங்க. உங்க அண்ணன் ஜெயிச்சிட்டாரு."