கறிக்குத் தந்த அரைப்புள்ளி

எங்கள் அப்பாவுக்கு ஒரு வீம்பு உண்டு. குருநகர்க் கரையில் யாருடைய படகாவது வெறுமையாக வந்தால், மீன் பட்டவர்கள் "இந்தா, கறிக்கு வைச்சிரு" என்று ஒரு பிடி அள்ளிக் கொடுப்பது வழக்கம். அப்பா எல்லோருக்கும் கொடுப்பார். தான் மட்டும் வாங்கமாட்டார். அவர் படகு வெறுமையாக வந்தால் அன்றைக்கு எங்களுக்குச் சோறும் சம்பலும்தான். அம்மா திட்டித் தீர்ப்பார். நான் அப்பா கட்சி.

எனக்குப் பத்து வயதில் நல்லூரில் ஒரு செஸ் போட்டி நடந்தது. மாமாதான் கூட்டிப் போனார். வெளிக்கிடும்போதே அம்மா சொல்லிவிட்டார்: "படிப்பையும் விட்டிட்டு உதிலையே கிடக்கிறாய். அரைப்புள்ளியாவது எடுக்காமல் வெறுங்கையோடை வந்தியெண்டால், உந்தப் பலகை அடுப்புக்கைதான்!" சொன்னால் செய்கிற அம்மா. நானோ கடைசி ஆட்டம் வரைக்கும் வரிசையாகத் தோற்றிருந்தேன்.

கடைசி ஆட்டத்தில் எதிரே இருந்தவன் கொழும்பு வரை போய் விளையாடிப் பெரிய ரேட்டிங் வைத்திருந்தவன். எனக்கு ரேட்டிங்கே கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, அன்று நன்றாகவே மல்லுக்கட்டினேன். நடுவில் அவன் சிரித்தபடி பலகைக்கு மேலால் கையை நீட்டினான்.

"சமனாக்குவமோ? உமக்கும் அரைப்புள்ளி கிடைக்கும்."

அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது. கறிக்குத் தருகிறான்! பலகை அடுப்பில் எரிவது கண்ணுக்குள் தெரிந்தது. எரிந்தால் எரியட்டும்.

"வேண்டாம். விளையாடும்."

பின்னால் நின்ற மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு, கடைசியில் இரண்டு ராசாக்கள் மட்டுமே மிஞ்சினார்கள். நடுவர் வந்து சமன் என்றார். வீடு வரும்வரை மாமா புலம்பினார்: "விசர்ப் பெட்டை! உந்த அரைப்புள்ளியைத்தானே அவன் முதலே தந்தவன்!"

அப்பா மட்டும் கேட்டார், "ஏன் பிள்ளை வாங்கேல்லை?"

"அது அவன் கறிக்குத் தந்தது, அப்பா. இது நான் பிடிச்சது."

அப்பா அம்மாவைப் பார்த்து மீசையை முறுக்கினார். பலகை தப்பியது.

போன வருடம் அந்த ஆட்டத்தைக் கைபேசியில் உள்ள செஸ் செயலியில் அடுக்கிப் பார்த்தேன். ஒரு நகர்த்தலும் எனக்கு மறக்கவில்லை. அவன் கை நீட்டிய இடத்தில், நான் வென்றுகொண்டிருந்தேன்! நான் இரக்கம் என்று நினைத்தது முழுப் பயம். பயந்தவனும் சிரித்துக்கொண்டு கை நீட்டுவான் என்று பத்து வயதில் யாருக்குத் தெரியும்? தெரிந்திருந்தால் அவனைச் சும்மா விட்டிருப்பேனா?

பாவம், தப்பிவிட்டான்.